வீட்டில் இரண்டு மொழி: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளைகளை இரண்டு மொழியில் வளர்க்கிறோம் என்று வாயெடுத்தாலே சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். எங்களுக்கும் அப்படித்தான். பெரியவளுக்கு இப்போது பதினொரு வயது, சின்னவனுக்கு ஏழு. இந்த வருடங்களில் நாங்கள் செய்த தவறுகள் ஏராளம். அந்த அனுபவத்தையும், இத்துறை ஆய்வுகளைத் தேடிப் படித்ததில் தெளிந்ததையும் சேர்த்து, புதிதாகப் பெற்றோரானவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வீட்டுக்குள் மட்டும் புழங்குவதை 'வீட்டு மொழி' என்றும், பள்ளியிலும் தெருவிலும் பேசுவதை 'வெளி மொழி' என்றும் சொல்கிறேன். எங்கள் வீட்டு மொழி தமிழ், வெளி மொழி ஆங்கிலம். உங்களுடையது எதுவானாலும் விஷயம் ஒன்றுதான்.

இரண்டு மொழியைக் கேட்டால் குழந்தை குழம்பிப்போகாதா?

குழம்பாது. இந்தப் பயம் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நடந்த அறிவுத்திறன் சோதனைகளிலிருந்து வந்தது. அவற்றில் இருமொழிக் குழந்தைகள் குறைவான மதிப்பெண் வாங்கினார்கள். அவர்களில் பலர் புதிதாகக் குடியேறிய ஏழை வீட்டுப் பிள்ளைகள். சோதனையோ அவர்களுக்கு அரைகுறையாகத் தெரிந்த மொழியில். வறுமையையும் மொழியையும் போட்டுக் குழப்பியவர்கள் சோதனை வைத்த பெரியவர்கள்தான். 1962-இல் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மான்ட்ரியாலில் குடும்ப வசதி ஒத்திருந்த 10 வயதுப் பிள்ளைகளாகப் பார்த்து ஒப்பிட்டார்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் பின்தங்கவில்லை, பல சோதனைகளில் முந்தியே இருந்தார்கள்.

பிறந்த சிசுவுக்கே இரண்டும் வேறு என்று தெரிகிறது. தாய் கர்ப்பமாக இருந்தபோது ஆங்கிலமும் பிலிப்பைன்ஸ் நாட்டின் தகலாக் மொழியும் பேசியிருந்தால், பிறந்த சில நாளிலேயே குழந்தை இரண்டையும் ஒரே ஆர்வத்தோடு கேட்கிறது, இரண்டையும் பிரித்தும் அறிகிறது என்று 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சிசு எப்படிப் பதில் சொல்லும் என்கிறீர்களா? வாயிலிருக்கும் சூப்பானை எவ்வளவு வேகமாகச் சப்புகிறது என்பதை வைத்துத்தான்.

எங்கள் பெரியவள் இரண்டு வயதில் என்னிடம் 'தண்ணி' என்பாள், அடுத்த நிமிடம் பக்கத்து வீட்டு அம்மாளிடம் திரும்பி 'வாட்டர்' என்பாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்படியென்றால் பேச்சு தாமதமாவது ஏன்?

இரண்டு மொழியால் தாமதமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒரே மொழி கேட்டு வளரும் குழந்தைகளுக்குள்ளேயே ஒன்று பத்தாம் மாதத்தில் பேசும், இன்னொன்று பதினைந்தாம் மாதத்தில் பேசும். வித்தியாசம் அவ்வளவு பெரிது.

தாமதம்போலத் தெரிவதற்குப் பெரும்பாலும் நாம் எண்ணும் முறைதான் காரணம். ஒரு குழந்தைக்குத் தமிழில் 30 சொல், ஆங்கிலத்தில் 25 சொல் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை மொழியில் பார்ப்பவர் '25தானா?' என்று உதட்டைப் பிதுக்குவார். மொத்தம் 55 சொல். அதில் 10 பொருளுக்கு இரண்டு மொழியிலும் பெயர் தெரியும் என்றால்கூட 45 பொருளைப் பெயர் சொல்லிக் கேட்கத் தெரிந்த குழந்தை அது. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிப் பாருங்கள். பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிக் கவலை நியாயமானதாக இருக்கலாம். 12 மாதத்தில் மழலை ஒலியோ விரல் நீட்டிக் காட்டுவதோ இல்லை, 16 மாதத்தில் எந்த மொழியிலும் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் தானாக இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, வந்த பேச்சு நின்றுபோனது: இவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் செவித்திறன் சோதனையும் பேச்சுப் பயிற்சியாளர் ஆலோசனையும் பெறுங்கள். 'இரண்டு மொழியாச்சே, மெதுவாத்தான் வரும்' என்று தள்ளிப்போடாதீர்கள். இருமொழி என்ற சமாதானத்தில் காது கேளாமை கவனிக்கப்படாமல் போவதுதான் உண்மையான ஆபத்து.

எந்த வயதில் தொடங்குவது?

பிறந்த அன்றே. காதுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஜானெட் வெர்க்கர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இந்தியின் இரண்டு ஒலிகளை எளிதாகப் பிரித்தறிந்தன. நமக்குப் புரியும்படி சொன்னால் 'ட', 'த' போன்றவை. ஒரு வயது நெருங்கும்போது அந்தத் திறன் ஏறக்குறைய மங்கிவிட்டது. 'பட்டு', 'பத்து' இரண்டும் பெரியவர்களான அந்நியர் காதில் ஏன் ஒன்றுபோல் விழுகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. குழந்தை பதில் பேசாத அந்த முதல் வருடத்தில் நீங்கள் பேசுவது எதுவும் வீணில்லை.

'ஒருவருக்கு ஒரு மொழி' என்கிறார்களே, அதுதான் சிறந்த முறையா?

அம்மா ஒரு மொழி, அப்பா வேறு மொழி என்று வரையறுத்துக்கொள்ளும் முறை அது. பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரோன்ஜா தன் மகன் லூயியை இப்படி வளர்த்து, அந்த அனுபவத்தை 1913-இல் வெளியிட்டார். அவர் பிரெஞ்சு மட்டும், மனைவி ஜெர்மன் மட்டும். பையன் இரண்டையும் நன்றாகப் பேசினான். அன்றிலிருந்து இந்த முறைக்கு வேதவாக்கு அந்தஸ்து.

ஆனால் ஒரு வீட்டில் பலித்தது எல்லா வீட்டிலும் பலிக்குமா? அன்னிக் டி ஹவர் என்ற ஆய்வாளர் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் சுமார் 1,900 குடும்பங்களிடம் கேட்டறிந்து 2007-இல் எழுதினார். ஒருவருக்கு ஒரு மொழி என்று இருந்த வீடுகளில் ஏறக்குறைய நான்கில் மூன்றில்தான் பிள்ளைகள் வீட்டு மொழியைப் பேசினார்கள். பெற்றோர் இருவருமே வீட்டில் வீட்டு மொழியை மட்டும் பேசிய குடும்பங்களில் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் பேசினார்கள். வெளி மொழிக்கு வீட்டில் தனியாக இடம் ஒதுக்க வேண்டியதே இல்லை. அது செருப்போடு வீட்டுக்குள் வந்துவிடும்.

முறையைவிட நேரக் கணக்குதான் முக்கியம். குழந்தை நாளுக்கு 12 மணி நேரம் விழித்திருந்தால் வாரத்துக்கு 84 மணி. வீட்டு மொழி பேசும் பெற்றோர் வேலை நாளில் மாலை ஒன்றரை மணி நேரமும், விடுமுறையில் நாளுக்கு ஐந்து மணி நேரமும் பிள்ளையோடு இருந்தால் மொத்தம் பதினேழரை. அதாவது ஐந்தில் ஒரு பங்கு. மயாமியில் இருமொழிக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த பார்பரா பியர்சன், இதற்கும் கீழே போனால் குழந்தைகள் அந்த மொழியைப் பேசவே தயங்குகிறார்கள் என்று கண்டார். உங்கள் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். முழுநேரமும் தமிழ்தான் என்று நாங்கள் நினைத்திருந்த வீட்டில் நிஜக் கணக்கு எங்களையே வெட்கப்பட வைத்தது.

என் கணவருக்கு / மனைவிக்கு என் மொழி தெரியாது. என்ன செய்வது?

பேசுங்கள். அவருக்கும் பழகட்டும். குழந்தையோடு சேர்ந்து அவரும் 'வா, போ, குளி, தூங்கு' அளவுக்கு வந்துவிடுவார். தன் காதுபடவே தனக்குப் புரியாத மொழி பேசுகிறார்கள் என்ற மனத்தாங்கல் வராமல், முதல் வருடம் முக்கியமானதை உடனுக்குடன் சொல்லிவிடுவது நல்லது. இதை முன்கூட்டியே இருவரும் உட்கார்ந்து பேசிவையுங்கள். குழந்தை அழும்போது நடக்கும் வாக்குவாதத்தில் முடிவெடுக்காதீர்கள்.

நான் தமிழில் கேட்டால் பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்கிறது. எப்படி மாற்றுவது?

அதிகம் வரும் கேள்வி இது. எங்களைப் படுத்தியெடுத்ததும் இதுதான்.

பெரியவள் நாலரை வயதில், பள்ளி சேர்ந்த சில மாதங்களில், தமிழை நிறுத்திக்கொண்டாள். நான் சொல்வது எல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில். நான் செய்த முதல் தவறு, 'தமிழ்ல சொல்லு' என்று கட்டளை போட்டது. பள்ளியில் நடந்த ஏதோ ஒரு சண்டையை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி, 'நத்திங்' என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். எனக்குத் தமிழும் கிடைக்கவில்லை, கதையும் கிடைக்கவில்லை.

எலிசபெத் லான்சா என்ற மொழியியலாளர், குழந்தை வெளி மொழியில் பேசும்போது பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்பதை ஐந்தாகப் பிரித்தார். ஒன்று, புரியவில்லை என்று காட்டிக்கொள்வது. இரண்டு, 'இதையா சொல்றே?' என்று வீட்டு மொழியில் ஊகித்துக் கேட்பது. மூன்று, குழந்தை சொன்னதையே வீட்டு மொழியில் திருப்பிச் சொல்வது. நான்கு, கண்டுகொள்ளாமல் பேச்சைத் தொடர்வது. ஐந்து, தானும் அந்த மொழிக்கு மாறிவிடுவது. முதல் இரண்டும் குழந்தையை வீட்டு மொழிக்கு இழுக்கும். கடைசி இரண்டும் 'எந்த மொழியானாலும் சரி' என்று சொல்லாமல் சொல்லும். நாங்கள் பெரும்பாலும் நான்கிலும் ஐந்திலும் இருந்திருக்கிறோம், கவனிக்காமலே. ஒரு எச்சரிக்கை: முதலாவது, உங்களுக்கு வெளி மொழி தெரியும் என்று அறிந்த நாலு வயதுப் பிள்ளையிடம் பலிக்காது. 'உனக்குத்தான் புரியுமே' என்று பெரியவள் மூஞ்சிக்கு நேரே கேட்டாள். அதன்பிறகு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன்.

உண்மையில் மாற்றியது என் அம்மாதான். ஆறு வாரம் எங்களோடு வந்து தங்கினார். அவருக்கு ஆங்கிலம் சுத்தமாக வராது. ஒரு நாள் காலை பெரியவள் பள்ளிப் பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நான் வேண்டுமென்றே அடுத்த அறையில் நின்றேன்.

"இட்ஸ் ஸ்டக்."

"என்னம்மா?"

"ஜிப்பு... போகல."

"மேல போகலையா, கீழ வரலையா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"மேல போகல. துணி மாட்டிக்கிச்சு, பாட்டி."

'மாட்டிக்கிச்சு' என்ற சொல்லை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததாக நினைவே இல்லை. எங்கோ கேட்டு உள்ளே வைத்திருந்திருக்கிறாள். எடுக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பாட்டி ஊர் திரும்பியதும் தினமும் வீடியோ அழைப்பு என்று வைத்துக்கொண்டோம். 'பாட்டிகிட்ட வணக்கம் சொல்லு' என்று தொடங்கும் அழைப்பு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். 'நேத்து பை ஜிப்பு என்னாச்சுன்னு பாட்டி கேட்டாங்க' என்று தொடங்கினால் கால் மணி நேரம் போகும்.

அந்த மொழி மட்டுமே தெரிந்த ஒருவர் குழந்தையின் வாழ்க்கையில் இருக்க வேண்டும். பாட்டி, தாத்தா, புதிதாக வந்த ஒரு தோழி, யாராக இருந்தாலும் சரி. வேறு எந்த உத்தியையும் இதற்கு இணையாக நான் சொல்ல மாட்டேன்.

இரண்டையும் கலந்து பேசுகிறான். திருத்தலாமா?

'நான் ஜம்ப் பண்ணேன்' என்று பிள்ளை சொல்வதைக் கேட்டுக் கவலைப்படுகிறவர், 'நேத்து மீட்டிங் அட்டெண்ட் பண்ணேன்' என்று சொல்லிவிட்டுப் போவார். கலப்பு எங்கிருந்து வருகிறது என்று புரிகிறதா? அந்த வாக்கியத்திலும் இரவல் 'ஜம்ப்' ஒன்றுதான். காலம், தன்மை, ஒருமை எல்லாம் 'பண்ணேன்' என்பதில் தமிழாகவே இருக்கின்றன. குழந்தைக்கு இலக்கணம் தெரியும், சொல்தான் கைவசம் இல்லை. 'அப்படியா, எவ்வளவு உயரம் குதிச்சே?' என்று கேட்டால் போதும். சொல் போய்ச் சேர்ந்துவிடும்.

'வந்தேன்' என்பதை 'வாந்தேன்' என்று சொல்வது பிழையே இல்லை என்பேன். 'வா'விலிருந்து விதிப்படி அவனே செய்துகொண்ட சொல் அது. தானாகச் சரியாகிவிடும்.

தானாகச் சரியாகாத மூன்றை மட்டும் கவனியுங்கள். வெளி மொழியின் செல்வாக்கு அதிகமான பிள்ளைகளிடம் இவை வரும். முதலாவது, 'அப்பா வந்துச்சு' என்று எல்லோரையும் அஃறிணையாக்குவது. இரண்டாவது, 'நாம', 'நாங்க' குழப்பம். கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற அம்மாவிடமே 'நாங்க எங்கம்மா போறோம்?' என்று கேட்பது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் வரும் வினை. மூன்றாவது, எல்லோரையும் 'நீ' என்பது. இதற்குப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. நாம் குழந்தையிடம் 'நீ' என்றுதான் பேசுகிறோம். பெரியவர்கள் ஒருவரோடொருவர் 'நீங்க' போட்டுப் பேசுவது காதில் விழாத வீட்டில் அந்தச் சொல்லை அது எங்கே கற்கும்? குழந்தையோடு பேசினால் மட்டும் போதாது. அதன் எதிரில் பெரியவர்கள் தங்களுக்குள் வீட்டு மொழியில் பேசிக்கொள்ளவும் வேண்டும்.

கார்ட்டூனும் பாட்டும் போட்டுவிட்டால் மொழி வராதா?

சின்னக் குழந்தைக்கு வராது. பெட்ரீஷியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட சோதனை இதில் தெளிவானது. 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் சீன மாண்டரின் பேசிக் காட்டினார்கள். ஆள் நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசிய குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆள் அதையே திரையில் பேசிக் கேட்ட குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். வளர்ந்த பிள்ளைக்குப் படம் பார்ப்பது உதவும், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து 'இவன் ஏன் ஓடறான்?' என்று கேட்டால்.

வீட்டிலும் வெளி மொழியே பேசுங்கள் என்று பள்ளியில் சொல்கிறார்கள்...

எங்களுக்கும் சொன்னார்கள். மழலையர் பள்ளி ஆசிரியை ஒருவர், 'சீக்கிரம் ஒட்டிக்கொள்வாள்' என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நாங்கள் நாலு மாதம் அதன்படியே நடந்தோம். மேலே சொன்ன மௌனம் அந்த நாலு மாதத்தின் விளைவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அலுவலகத்துக்கு என் ஆங்கிலம் தாராளம். ஆனால் அதில் கொஞ்சவோ கிண்டல் செய்யவோ கதைக்கு நடுவே புதுக் கதை கட்டவோ எனக்கு வராது. எங்கள் பேச்சு 'சாப்பிடு, தூங்கு, சீக்கிரம்' என்பதற்கான ஆங்கிலமாகச் சுருங்கிப்போனது. அவளுடைய ஆங்கிலம் பள்ளியிலேயே வளர்ந்துகொண்டிருந்தது. அதற்கு என் பங்களிப்பு தேவைப்படவே இல்லை.

ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், திக்குவாய் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்த அறிவுரை இன்னும் அழுத்தமாகக் கிடைக்கிறது. கனடா ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், டவுன் சிண்ட்ரோம் உள்ள இருமொழிப் பிள்ளைகள் தங்களைப் போன்ற ஒருமொழிப் பிள்ளைகளைவிட ஆங்கிலத்தில் பின்தங்கியிருக்கவில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளிலும் இரண்டாவது மொழியால் பாதிப்பு வந்ததாகத் தெரியவில்லை. பயிற்சியாளரிடம் இரண்டு மொழியையும் சொல்லுங்கள், இரண்டிலும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் எல்லோரும் பேசும் மொழியை ஒரு குழந்தைக்கு மட்டும் மறுத்தால், சாப்பாட்டு நேரப் பேச்சில் அது தனியாக உட்கார்ந்திருக்கும்.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா? எழுதப் படிக்க எப்போது?

பேச்சுத் தமிழ். சந்தேகமே வேண்டாம். 'நான் வருகிறேன்' என்று மூன்று வயதுப் பிள்ளையிடம் பேசும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குப் பாட்டி பேசுவதே புரியவில்லை. எழுத்துத் தமிழ் கதைப் புத்தகத்தின் வழியே வரட்டும். நான் முதலில் கதையைப் பேச்சாக மாற்றிச் சொல்வேன். பிள்ளைக்குக் கதை மனப்பாடமானதும் அச்சில் இருப்பதை அப்படியே வாசிப்பேன். 'வந்தாங்க' என்று பழகிய காதில் 'வந்தார்கள்' விழும்போது அர்த்தம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். எழுத்துகளை ஐந்து, ஆறு வயதில் தொடங்கினால் போதும். 247 என்று சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் பிடிபட்டால் மீதி கூட்டல்தான்.

இரண்டாவது குழந்தைக்கும் இதே வழிதானா?

வழி அதேதான், வேலை இரண்டு மடங்கு. மூத்தவள் பள்ளியிலிருந்து ஆங்கிலத்தோடு வருவாள், சின்னவன் அவளைத்தான் தெய்வமாகப் பார்ப்பான். பிள்ளைகள் தங்களுக்குள் எந்த மொழியில் பேசிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டு ஜெயித்த பெற்றோரை நான் சந்தித்ததில்லை. தம்பிக்குக் கதை படித்துக் காட்டும் பொறுப்பை அவளிடம் கொடுத்தோம். அது கொஞ்சம் வேலை செய்தது.

இருமொழிப் பிள்ளைகள் அதிபுத்திசாலிகள் ஆவார்களாமே?

எலன் பியாலிஸ்டாக் போன்ற ஆய்வாளர்கள் கவனத்தைக் கட்டுப்படுத்தும் திறன் கூடுகிறது என்று கண்டார்கள். பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் பலவற்றில் அது தென்படவில்லை. விவாதம் முடியவில்லை. மூளைக்கு டானிக் என்று நினைத்து இதில் இறங்காதீர்கள். பாட்டியோடு பேச முடிகிறது, எனக்கு அது போதும்.

ஏழு வயதாகிவிட்டது. இனிமேல் முடியுமா?

முடியும், முதல் சில வாரம் சங்கடமாக இருக்கும். ஒரே நாளில் வீடு முழுக்க மொழியை மாற்றாதீர்கள். பிள்ளைக்கு அது தண்டனையாகத் தெரியும். தினமும் நடக்கும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். தோழி ஒருத்தி மகனைக் குளிப்பாட்டித் தலை துவட்டும் நேரத்தை எடுத்துக்கொண்டாள். முதல் மாதம் அவள் மட்டுமே பேசினாள்: 'கண்ணை மூடு, காதுல தண்ணி, அந்தப் பக்கம் திரும்பு.' அவன் திரும்பினான், அவ்வளவுதான். ஐந்தாவது வாரம் சோப்பு கண்ணில் பட்டதும் அவன் வாயிலிருந்து வந்த முதல் தமிழ் வாக்கியம்: "அம்மா, எரியுதும்மா!" எனக்குப் போன் செய்து சொல்லும்போது சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இப்போது தலை துவட்டும் நேரத்தோடு பள்ளிக்கு நடந்து போகும் பத்து நிமிடமும் சேர்ந்திருக்கிறது.